புகுந்த வீட்டு வளையம்

மீனிடம் வயது கேட்டால் சொல்லாது. செதில் சொல்லும். வெட்டிய மரத்தில் தெரிகிற வளையம் மாதிரிதான். ஆனால் இதற்காக மீனை வெட்ட வேண்டியதில்லை. விலாவிலிருந்து நாலு செதில் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடலாம். நன்றாகத் தின்று வளர்ந்த மாதங்களில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும். குளிர் மாதங்களில் நெருங்கி நெருங்கி விழும். ஒரு நெருக்கம் முடிந்தால் ஒரு வயது.

ஒருவர் கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதால் அந்த ஏரி அலுவலகத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு செதிலையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் போட்ட எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. ஆளுக்கொரு சீட்டில் எழுதி, தனித்தனி உறையில் போட்டு ஒட்டி, மேலதிகாரியான மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும். அவர்தான் பிரித்து ஒப்பிடுவார். நூற்றுக்குக் குறைந்தது எண்பது ஒத்துப்போனால்தான் அந்தப் படிப்பு செல்லும்.

அந்த அலுவலகத்து வரைபடக்காரனின் மனைவியும், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற சக ஊழியனும் படித்த இரண்டு வருடமும் தொண்ணூற்றாறு ஒத்துப்போயிற்று. அதே நெட்டையோடு வரைபடக்காரன் உட்கார்ந்து படித்தபோது ஐம்பத்தெட்டு.

மேடம் அந்த எண்ணைச் சிரிக்காமல்தான் சொன்னார். நெட்டைதான் சிரித்தான்.

"என்ன வரைபடம், புருஷன் பொண்டாட்டி மாதிரி எதுக்கெடுத்தாலும் முட்டிக்கிறோம்?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டான். வரைபடக்காரன் பரவாயில்லை என்றான். இந்த ஏழு மாதத்தில் யோசிக்காமலே வாயில் வந்து நிற்கிற சொல் அது ஒன்றுதான்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலை வலிக்கிறது என்று குளியலறை வாசலில் உட்கார்ந்த அவன் மனைவி எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயது. மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார் டாக்டர். அவனுக்கு அழுகை வரவில்லை. மெதுவாக வரும், வந்துவிடும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவனும் காத்திருந்தான். அழுகைக்குப் பதிலாக வந்து சேர்ந்தது பொறாமை.

அது புதிதும் அல்ல. அவள் இருந்தபோதே இருந்ததுதான். அப்போது அது செருப்புக்குள் கிடக்கிற மணல் மாதிரி இருந்தது. நடக்கலாம். உதறிக்கொள்ளலாம். இப்போது உதற ஆள் இல்லை.

அவனுக்கு மாடியில் வேலை. ஏரிக்கு எங்கே எவ்வளவு ஆழம் என்று படம் போடுவது. அவளுக்குக் கீழே இருட்டறையில் வேலை. செதிலை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி அங்கேதான் இருந்தது. அலுவலகத்தில் அதற்கு டி.வி. என்று பெயர். டி.வி.க்கு முன்னால் இரண்டு ஸ்டூல். ஒன்றில் அவள், ஒன்றில் நெட்டை. ஒருவர் படிக்கும்போது மற்றவர் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிப்பும் கேட்கும். அப்படி என்னதான் சிரிப்பு செதிலில் என்று ஒருநாள் வீட்டில் கேட்டான். ஒன்றுமில்லை, நெட்டை ஏதோ சொன்னான் என்றாள். ஏதோ என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சின்னத்தனமாகத் தெரியும்.

நெட்டையை அவள் வா, போ என்றுதான் கூப்பிடுவாள். கட்டிக்கொண்டவனைக் கடைசிவரை வாங்க, போங்க. அதை மரியாதை என்றே ஐந்து வருடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் போன மூன்றாம் மாதம், புது ஆள் வரும்வரை நீங்களே உட்காருங்களேன் என்று மேடம் அவனைக் கீழே அனுப்பினார். அவனும் மீன் படிப்பு படித்தவன்தான், பழகிக்கொண்டால் போதும். அவளுடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்தான். அது அவள் உயரத்துக்குத் திருகி வைத்திருந்தது. அதை மாற்றாமல் கூன் போட்டுக்கொண்டு படித்தான். இவ்வளவுக்கும் கிடைத்தது ஐம்பத்தெட்டு.

அவளோடு தொண்ணூற்றாறு ஒத்துப்போன ஒருவன் தன்னோடு ஏன் ஒத்துப்போகவில்லை? அவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று மேடம் நினைத்தார். அது போகட்டும். வீட்டில் அவளும் அவனும் எதில் ஒத்துப்போனார்கள் என்று அவன் எண்ணிப் பார்த்தான். ஜன்னல் திரையின் நிறத்தில் இல்லை. மின்விசிறியின் வேகத்தில் இல்லை. குழந்தை இப்போது வேண்டுமா அப்புறமா என்பதில் இல்லவே இல்லை. நூற்றுக்கு முப்பது தேறினால் அதிகம்.

மச்சானுக்குப் போன் போட்டான். அக்கா நெட்டையைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறாளா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். அக்கா எங்கிட்டப் பேசினதே போனுக்கு ரீசார்ஜ் பண்ணச் சொல்லத்தானே மாமா என்றான் மச்சான். அவன் போனை வைத்தான்.

வெள்ளிக்கிழமை, ஏரியில் மீன்பிடிக்க விதி போடுகிற குழு கூடுவதாக இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஏரியில் கலக்கிற விரிகுடாவில் எந்த வலை போடலாம் என்பதுதான் பேச்சு. அங்கேதான் கெண்டை முட்டையிட வரும். அந்தக் கெண்டை ஐந்தாம் வயதில்தான் முதல் முட்டை இடும். முழங்கை நீள மீனுக்கு நாலு வயதுதான், அது இன்னும் முட்டையிடாத மீன், ஆகவே அது நழுவிப் போகிற பெரிய கண் வலைதான் போட வேண்டும் என்று அவளும் நெட்டையும் அறிக்கை கொடுத்து, அது உத்தரவாகியும் இருந்தது. அதெல்லாம் இல்லை, முழங்கை நீள மீனுக்கு ஐந்து வயது, ஒரு தடவை முட்டை போட்டு முடித்த கிழம், சின்னக் கண் வலையை விடுங்கள் என்று வலைக்காரர் சங்கம் மல்லுக்கு நின்றது. அந்த ஒரு வயது வித்தியாசத்தில்தான் எல்லாம் இருந்தது.

திங்கட்கிழமை நெட்டை வெளியே போயிருந்த நேரத்தில் வரைபடக்காரன் பழைய அலமாரியைத் திறந்தான். ஏரிக்காக இல்லை. அவன் அதில் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. இருவரும் விதியை மீறி ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள் என்பதற்கு ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கத்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மீன். மீனுக்கு இரண்டு சீட்டு. அவளுடைய எழுத்து பென்சிலில், சாய்ந்து. நெட்டையுடையது பேனாவில், பெரிது பெரிதாக, பள்ளிக்கூடப் பலகையில் எழுதியது போல. எண்கள் ஒத்துப்போயின. அது தெரிந்ததுதான். தெரியாதது வேறொன்று. செதிலின் ஓரம் சரியாகத் தெரியாவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவது வழக்கம். அவள் இருபத்துமூன்று சீட்டில் போட்டிருந்தாள். நெட்டையும் இருபத்துமூன்று. அதே இருபத்துமூன்று மீனுக்கு.

வயது ஒத்துப்போகலாம். சந்தேகமும் ஒன்றுவிடாமல் ஒத்துப்போகுமா?

அந்த இருட்டறை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸ்டூல், திரை வெளிச்சத்தில் இரண்டு முகம். ஒரே சந்தேகம் இரண்டு பேருக்கும் வருகிற அளவுக்கு. வீட்டில் ஒரு சந்தேகத்தைக்கூட அவள் தன்னிடம் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை.

நெட்டை வந்ததும் கதவைச் சாத்தினான். சீட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தான்.

"இது என்ன?"

நெட்டை குனிந்தான். மூக்கு மேஜையில் இடிக்கிற அளவு குனிந்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கோழி தானியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"என்னன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாசிக்க முடியல."

"விளையாடாதீங்க."

"விளையாடல, வரைபடம். எனக்குக் கண்ணு போச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஓரத்துல தெரியும், நடுவுல தெரியாது. உங்க மூஞ்சி இப்போ எனக்கு ஒரு புகை. காது ரெண்டும்தான் தெளிவா இருக்கு."

மீதியை நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் அப்பாவுக்கும் இதே வியாதிதானாம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மூடி மறைத்தானாம். ஒருநாள் உள்ளங்கை அகல மீனுக்குப் பதினோரு வயது போட்டுவைக்க, சும்மா எட்டிப் பார்த்த அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கையை நீட்டி இது எத்தனை விரல் என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு இரண்டு வருடமும் அவள்தான் படித்தாள். அவள் சொல்லச் சொல்ல நெட்டை தன் சீட்டில் தன் கையால் எழுதினான். நூற்றுக்கு நூறு வந்தால் மேடத்துக்குச் சந்தேகம் வரும், நூற்றில் நாலைத் தப்பாகப் போடு என்று அவளே சொல்லிக் கொடுத்தாளாம். கேள்விக்குறியை மாற்றிப் போட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வரைபடக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அப்படியானால் தொண்ணூற்றாறு என்று ஒன்று இல்லவே இல்லை. அவள் தன்னோடு தானே ஒத்துப்போயிருக்கிறாள். அதைக் கேட்டு அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கு. பிறகு இன்னொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. இரண்டு வருடம் இவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். மேடத்திடம் மட்டுமில்லை, ஒரே கட்டிலில் படுத்தவனிடமும்.

"எங்கிட்ட ஏன் சொல்லலையாம்?"

"நீங்க நேர்மையான ஆளாம். சொன்னா தூக்கம் போயிடும்னாங்க."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

இப்போது முடிவு அவன் கையில் இருந்தது. அவன் வாயைத் திறந்தால் நெட்டை போவான். அதோடு அவளுடைய படிப்பும் செல்லாததாகும், ஒருவர் மட்டும் படித்தது என்பதால். வெள்ளிக்கிழமையே சின்னக் கண் வலை விரிகுடாவுக்குள் இறங்கிவிடும். அவன் வாயை மூடிக்கொண்டால் நெட்டையின் பெயர் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே காலத்துக்கும் நிற்கும். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாவதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு இரண்டாவது ஆள் இல்லை என்றால் நான் இருக்கிறேன் என்று தோன்றியது. அவள் சீட்டுகளைக் கட்டி மேடத்திடம் கொடுத்தான். நெட்டையின் படிப்பில் கோளாறு இருக்கிறது, வியாழக்கிழமை விவரமாகச் சொல்கிறேன், அதுவரை இதைப் பூட்டி வையுங்கள், முந்நூற்றுப் பன்னிரண்டையும் நான் புதிதாகப் படிக்கிறேன் என்றான். மேடம் அவன் முகத்தைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்து, மூடி, சரி என்றார்.

செவ்வாயும் புதனும் படித்தான். திங்கட்கிழமை பார்த்த எண்களில் எது எந்த மீனுக்கு என்று நினைவில் நிற்கவில்லை. கழுத்து வலித்தது. ஸ்டூலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு செதிலையும் அவளும் பார்த்திருக்கிறாள் என்கிற நினைப்பில், இதற்கு என்ன போட்டிருப்பாள் என்று நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சொன்னதை மட்டும் எழுதினான். பரீட்சைக்குக்கூட அவன் இப்படி உட்கார்ந்ததில்லை.

புதன் சாயங்காலம் மேடம் ஒப்பிட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று முப்பத்தொன்று. நூற்றுக்கு எழுபத்துநாலு.

ஆறு குறைந்தது. ஒத்துப்போகாத எண்பத்தொன்றில் எழுபது ஒரே மாதிரி. அவள் நாலு என்றதற்கு அவன் ஐந்து, ஐந்து என்றதற்கு ஆறு. எல்லாவற்றிலும் அவன் ஒரு வயது கூட. சங்கம் சொல்கிற அதே ஒரு வயது. படிக்கிற முறையில் வித்தியாசம் இருந்தால் இருவரும் பேசி, என்ன என்று குறிப்பு எழுதி, ஒரே ஒரு தடவை திரும்பப் படிக்கலாம் என்று விதியில் இடம் இருக்கிறது என்றார் மேடம். சொல்லிவிட்டு, பேச முடிந்தால்தானே என்பது நினைவுக்கு வந்து கோப்பை மூடினார்.

அவள் எப்படிப் படிப்பாள் என்று தெரிந்த ஆள் ஒருவன்தான் இருந்தான். வெளியே படகுத் துறையில், கையால் தடவித் தடவி வலைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போய் நிற்பதற்கு வரைபடக்காரனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. தன் மனைவி உலகத்தை எப்படிப் பார்த்தாள் என்று, கண் தெரியாதவனிடம் போய்க் கேட்க வேண்டும்.

"இந்த எழுபதுலயும் எனக்கு ஒண்ணு கூட வருது. அவ எதை எண்ணாம விட்டா?"

நெட்டை யோசிக்கவே இல்லை.

"ஆத்து மீனா?"

வரைபடக்காரன் செதில் உறைகளில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தான். எழுபதும் விரிகுடாவில் பிடித்தவை. ஆற்றில் பிறந்து ஏரிக்கு வந்தவை.

"அப்போ அது புகுந்த வீட்டு வளையம்."

"என்னது?"

"அவங்க வச்ச பேரு. ஆத்துல பொறந்த மீனு ஒருநாள் ஏரிக்கு வருதுல்ல, வந்த புதுசுல ரெண்டு மூணு வாரம் சரியாச் சாப்பிடாதாம். தண்ணி வேற, இருட்டு வேற, யாரையும் தெரியாது. அப்போ கோடு நெருங்கி விழும். பாத்தா ஒரு வருஷம் மாதிரியே இருக்கும், ஆனா வருஷம் இல்ல. சுத்தி முழுசா வராது, ஒரு பக்கம் அழிஞ்சு போயிருக்கும். 'இது பொண்ணு புகுந்த வீட்டுக்கு வந்த வளையம், இதை வயசுல சேர்க்காதே'ம்பாங்க. அதைச் சொல்லித்தான் ரெண்டு பேரும் சிரிப்போம்."



கல்யாணமான புதிதில் மூன்று வாரம் அவள் தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தான். அதை நண்பர்களிடம் சொல்லிக் கேலிகூடச் செய்தான்.

"அப்புறம்?" என்றான்.

"எதுக்கு அப்புறம்?"

"அந்த வளையத்துக்கு அப்புறம். அந்த மீனுக்கு என்ன ஆகும்?"

நெட்டை கயிற்றைக் கீழே வைத்தான். "அது நீங்கதான் பார்க்கணும். எனக்கு எங்க தெரியுது."

வியாழக்கிழமை எழுபதையும் மறுபடி டி.வி.யில் வைத்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவள் சொன்னாள் என்பதற்காக ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு வளையத்தையும் சுற்றிக்கொண்டு வந்தான். ஐம்பத்தெட்டில் வளையம் சுற்றி முழுசாக வரவில்லை. ஒரு பக்கம் கரைந்து போயிருந்தது. வருடம் இல்லை. பன்னிரண்டில் முழுசாக வந்தது. அங்கே தன் எண்ணையே நிறுத்தினான். அவளுக்கும் தப்பு வரும்.

கேள்விக்குப் பதிலும் அங்கேயே இருந்தது. அந்தப் பொய் வளையத்துக்கு அப்புறம் கோடுகள் விலகிப் போயிருந்தன. சில மீனில் கொஞ்சமாக. சில மீனில் ஆற்றில் இருந்ததைவிட அகலமாக. நன்றாகத் தின்றிருக்கிறது. சிலதில் கடைசிவரை ஒடுங்கியே இருந்தது. எது எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இப்போது ஒத்துப்போனது இருநூற்று எண்பத்தொன்பது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. முழங்கை நீள மீனுக்கு நாலு வயது.

கண் விஷயத்தை நெட்டையே மேடத்திடம் போய்ச் சொன்னான். அவன் வாயால் வரட்டும் என்று வரைபடக்காரன் காத்திருந்தான். பெருந்தன்மையால்தான் காத்திருந்தான் என்று சொல்ல முடியாது. அந்த அறைக் கதவுக்கு வெளியே நிற்கிற சுகம் அவனுக்கு வேண்டியிருந்தது. உள்ளே சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மேடம் கண்டிப்புக் கடிதம் ஒன்று கொடுத்து, இனிச் செதில் பக்கமே வரக் கூடாது என்று நெட்டையைப் படகுத் துறைக்கு மாற்றினார். வேலை போகவில்லை. சுகம் நினைத்த அளவுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை குழு பெரிய கண் வலையையே வைத்துக்கொண்டது. புது அறிக்கையில் முதல் வாசிப்பு என்ற இடத்தில் அவள் பெயர். இரண்டாம் வாசிப்பு என்ற இடத்தில் அவன் பெயர். நெட்டையின் பெயர் எங்கும் இல்லை. அதை எடுத்தது விதிப்படிதான். விதி இல்லாவிட்டாலும் எடுத்திருப்பான்.

சாயங்காலம் நெட்டை இருட்டறைக்கு வந்தான், தன் குடையை எடுத்துப் போக. கதவோரமாகவே நின்றான். அறிக்கையை மேடம் படித்துக் காட்டினாராம்.

"பொய் வளையம்னு போட்டிருக்கீங்களாம். அவங்க வச்ச பேரைப் போடலையே?"

"ரிப்போர்ட்ல அதெல்லாம் போட மாட்டாங்க."

"அதுவும் சரிதான். நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்."

ரெண்டு பேர். வரைபடக்காரனுக்கு அந்தக் கணக்குப் பிடிக்கவில்லை. அறிக்கை முழுக்கத் தேடிப் பிடித்துத் தான் துடைத்தெறிந்த அந்த நெட்டை, இந்த ஒரு சொல்லுக்குள் சட்டமாக உட்கார்ந்திருக்கிறான். இதை மட்டும் எந்த விதியை வைத்தும் பிடுங்க முடியாது. இன்னும் இந்த மாதிரி அவள் சொன்ன சொல் எத்தனை அவன் காதில் கிடக்கிறதோ. இரண்டு வருடம், தினமும், இதே இருட்டில்.

நெட்டை குடைக்காகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். வரைபடக்காரன் எழுந்து குடையை எடுத்தான். கொடுக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். காலால் இன்னொரு ஸ்டூலை இழுத்து நெட்டையின் முழங்காலில் முட்டுகிற மாதிரி நிறுத்தினான்.

"உட்காரு," என்றான். "வேற என்னென்ன சொன்னா? முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."